கொரியப் பெண் கடல் கடக்கிறாள்: நாவலுக்கு எந்தக் காலத்தை எடுப்பது?

கொரியாவை விட்டுப் போன ஒரு பெண், தான் யார், எந்த ஊருக்குச் சொந்தம் என்று தேடுகிறாள். இதை வரலாற்று நாவலாக எழுத நினைப்பவர்கள் பலர் கதையை முழுக்க யோசித்துவிட்டு, காலத்தை அப்புறம் தேடிப் பொருத்துகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கொரியப் பெண்கள் வெளியேறிய பெரிய வழிகளில் ஐந்து: ஹவாய் கரும்புத் தோட்டம், ஜப்பானின் ஒசாகா, அமெரிக்கச் சிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போனது, மேற்கு ஜெர்மனி ஆஸ்பத்திரிகள், சோவியத் அரசு ரயிலேற்றி அனுப்பிய மத்திய ஆசியா. ஒரு வழிக்கென யோசித்த கதையை இன்னொன்றில் வைத்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே முறிந்துவிடும்.

போர், படுகொலை என்று நிகழ்ச்சி பெரிதாக இருக்கும் காலத்துக்குத்தான் கை முதலில் போகும். அது தப்பான அளவுகோல். அடையாளத் தேடலை நேரடியாக எழுதினால் பக்கம் பக்கமாக மனக்குமுறலாகிவிடும், வாசகர் கொட்டாவி விடுவார். அதைக் காட்சியாக்கித் தருவது காகிதம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் அவள். படிவத்தில் பெயர், நாடு, கணவர் பெயர் என்று கட்டங்கள். எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும். அவள் கையில் என்ன காகிதம், அதில் என்ன பெயர், அந்தப் பெயரை எழுதியது யார் என்ற மூன்றையும் வைத்து ஒப்பிட்டால் எந்தக் காலம் நம் கதையைத் தாங்கும் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கொரியப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் குடும்பப் பெயர் மாறாது. கிம் வீட்டுப் பெண் லீ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாலும் அவள் கிம்தான், பிள்ளைகள்தான் லீ. ஆனால் அன்றாடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிறந்த ஊரை வைத்தோ, பிள்ளையின் பெயரை வைத்தோதான் அழைப்பார்கள். 1909-ல் குடிப்பதிவுச் சட்டம் வரும்வரை ஏராளமான பெண்களுக்கு அரசுப் பதிவில் சொந்தப் பெயரே கிடையாது. மேலே சொன்ன ஐந்தில் ஜெர்மனி தவிர மற்ற நான்கும் இந்த ஏற்பாட்டில் கைவைக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக.

ஹவாய்

1903 ஜனவரி 13 அன்று ‘கேலிக்’ என்ற கப்பல் சுமார் நூறு கொரியர்களை ஹொனலுலுவில் இறக்கியது. 1905-ல் ஜப்பான் நெருக்கி நிறுத்தும்வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலும் தனி ஆண்கள். மாதச் சம்பளம் சுமார் 16 டாலர். அவர்களில் பலர் ஊருக்குப் போட்டோ அனுப்பிப் பெண் கேட்டார்கள். 1910 முதல் 1924 வரை சுமார் ஆயிரம் கொரியப் பெண்கள் போட்டோவை மட்டும் நம்பிக் கப்பலேறினார்கள். கொரியாவின் தென்கிழக்கிலுள்ள கியோங்சாங் பகுதிக்காரர்கள் அதில் அதிகம். 1924-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கதவைச் சாத்தியது.

போட்டோவில் இருந்தவர் வேறு, துறைமுகத்தில் நிற்கிறவர் வேறு. படம் பத்து வருஷம் பழையது, ஆள் பத்து இருபது வயது மூத்தவர், படத்தில் போட்டிருந்த கோட்டு இரவல். எல்லாரும் எழுதிவிட்ட இந்தக் காட்சியை இரண்டு பத்தியில் முடித்துவிடலாம். எழுதப்படாமல் கிடப்பது அதற்கு முந்தைய கட்டம். கொரியாவிலிருந்து நேரே ஹவாய்க்குப் போக முடியாது. கோபே அல்லது யோகோஹாமா வழியாகத்தான் பயணம். அங்கே கண்ணில் டிரக்கோமா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். தேறாதவர்கள் விடுதியில் வாரக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு போட்டோவோடு பல ஊர்ப் பெண்கள் ஒரே அறையில் அடைந்து கிடக்கும் அந்த நாட்கள் மட்டுமே ஐம்பது பக்கம் தாங்கும். பிற்பாடு ஹவாயில் இவர்கள் ஒருவருக்கொருவர் பிறந்த வீடு மாதிரி ஆவதற்கும் அங்கேயே வித்து போட்டுவிடலாம்.

இனி காகிதம். 1910-ல் கொரியாவை ஜப்பான் இணைத்துக்கொண்டதால் அவளிடம் இருப்பது ஜப்பானியப் பாஸ்போர்ட். ஜப்பான் ஆட்சி வேண்டாமென்று புறப்பட்டவள் ஜப்பானியப் பிரஜையாகக் கரை இறங்குகிறாள். இறங்கியதும் அமெரிக்க வழக்கப்படி கணவரின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் ‘பாங்கோ’ என்ற உலோக வில்லை. அதில் இருக்கும் எண்தான் ஆள். சம்பளமும் கடைக் கடனும் அந்த எண்ணில்தான். ஒரே வருஷத்தில் நான்கு பேராக அவள் பிரிகிறாள், ஆசிரியர் ஒரு வரி கூட விளக்கத் தேவையில்லை.

பலரும் தப்பு செய்வது நாவல் முழுக்க அவளைக் கரும்புக்குள் நிறுத்திவைப்பதில். நிஜத்தில் கொரியர்கள் தோட்டத்தை விட்டு வேகமாக நகர்ந்தார்கள். பெண்களில் பலர் தனி ஆண்களுக்குச் சமைத்தும் துணி துவைத்தும் சம்பாதித்தார்கள். ஸ்கோஃபீல்ட் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் வாஹியாவா ஊரில் சலவைக்கடையும் தையல்கடையும் வைத்தவர்கள் உண்டு. சிப்பாயின் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடும் கை என்பது எழுத நல்ல பிடி.

இன்னொரு தப்பு, தேசபக்தியை வழுக்கலாக எழுதுவது. 1919 மார்ச் 1-ல் ஜப்பான் ஆட்சிக்கு எதிராகக் கொரியாவில் நடந்த எழுச்சிக்குப் பிறகு ஹவாய்ப் பெண்கள் நிவாரணச் சங்கம் தொடங்கிப் பணம் சேர்த்தது உண்மை. விடுதலை இயக்கத் தலைவர்கள் இருவர் பின்னால், சிங்மேன் ரீ கட்சி, பாக் யோங்மான் கட்சி என்று அதே ஜனம் இரண்டாகப் பிளந்து, சர்ச் வரை பிரிந்ததும் உண்மை. கப்பலில் ஒன்றாக வந்தவள் எதிர்க்கட்சி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் நம் பெண் யார் பக்கம்? ‘எந்த ஊருக்குச் சொந்தம்’ என்ற கேள்வி இங்கேதான் ரத்தம் கசிய நிற்கிறது. வெள்ளைக்காரர் அவமதிக்கும் காட்சியில் அந்த வலி இராது.

வயதுக் கணக்கும் ஹவாய்க்குச் சாதகம். 1898-ல் பிறந்தவள் 1916-ல் 18 வயது மணப்பெண், 1919-ல் 21, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது 43. ஜப்பானியப் பிரஜை என்ற பழைய காகிதத்தால் அப்போது கொரியர்களும் எதிரி நாட்டவர் கணக்கில் வந்தார்கள். தான் கொரியர் என்று காட்ட அடையாள வில்லை குத்திக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப்போடும் உரிமை 1952-ல் வந்தபோது அவளுக்கு 54. ஒரே ஆயுளுக்குள் எல்லாம் அடங்குகிறது. ஆவணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்: கப்பல் பட்டியல்கள், முதிய பெண்களிடம் பதிவு செய்த வாய்மொழி வரலாறுகள், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கொரிய அமெரிக்க எண்ணிம ஆவணக்காப்பகம்.

ஒசாகா

ஒசாகா பின்னணி உலகம் முழுக்க வாசகர்களைப் பிடித்துவிட்டது. புதிதாக எழுதுகிறவருக்கு அதுவே முதல் சுமை. ஆனாலும் காகிதக் கணக்கில் இதை மிஞ்ச ஆளில்லை.

1920-களில் கொரியாவின் தெற்கே உள்ள ஜேஜு தீவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ‘கிமிகாயோ மாரு’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. ஜேஜு ஜனம் ஒசாகாவின் இகாய்னோ பகுதியில் குவிந்தது. பெண்களுக்கு நூற்பாலை, தையல், ரப்பர் பட்டறை, வீட்டில் பன்றி வளர்ப்பு, திருட்டுத்தனமாகக் காய்ச்சும் அரிசிக் கள். ஜேஜுவில் 1905-ல் பிறந்தவள் 18 வயதில் 1923-ல் வந்திறங்கினாள் என்று வைப்போம். அந்த செப்டம்பரிலேயே கான்டோ பூகம்பம். கொரியர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்ற வதந்தியில் தோக்கியோ, யோகோஹாமா பக்கம் படுகொலை. ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்லி, உச்சரிப்புப் பிசகினால் கொன்றார்கள். அவள் ஒசாகாவில் இருக்கிறாள் என்பதை மறந்து இதை நேரில் பார்த்ததாக எழுதினால் ஐந்நூறு கிலோமீட்டர் வித்தியாசம் உதைக்கும். செய்தியாகத்தான் அவளிடம் வந்து சேர வேண்டும்.

அவளுக்கு 35 வயதாகும்போது, 1940 பிப்ரவரியில், ஜப்பானியக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளும் சட்டம். ஆறு மாதக் கெடு; சுமார் எண்பது சதவீதக் குடும்பங்கள் பதிந்தன. இதில் நுட்பம் ஒன்று உண்டு. சட்டம் குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பெயர் கொடுக்கிறது. கணவர் வீட்டில் இத்தனை காலம் வேற்றுக் குடும்பப் பெயரோடு வாழ்ந்தவள், ஜப்பானியப் பெயரில்தான் முதல்முறையாகக் கணவரோடும் பிள்ளைகளோடும் ஒரே பெயருக்குள் வருகிறாள். அவமானமும் கூடவே ஒரு விசித்திர நிம்மதியும். வெறும் அடக்குமுறையாக எழுதிக் கடந்துபோனால் இந்த இரட்டைத்தன்மை கைநழுவிவிடும்.

1947-ல் அன்னியர் பதிவு ஆணை. அவள் அட்டையில் நாடு என்ற கட்டத்தில் கொரியாவின் பழைய பெயரான ‘சோசன்’ என்று எழுதினார்கள். அந்தப் பெயரில் நாடு எதுவும் அப்போது இல்லை. அடுத்த வருஷம் தெற்கும் வடக்கும் தனித்தனி அரசுகளாயின. அதே 1948-ல் ஜேஜுவில் ஏப்ரல் 3 எழுச்சி, தொடர்ந்த படுகொலைகள். பிறந்த ஊரிலிருந்து தப்பி ஒளிந்து வந்தவர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். 1952 ஏப்ரல் 28-ல் ஜப்பானுடனான சான்பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் அமலானபோது ஜப்பானியக் குடியுரிமையும் போனது. கேட்காமல் கொடுத்தது, கேட்காமலே எடுத்தாயிற்று. 1955 முதல் அட்டைக்குக் கைரேகை. 1959 டிசம்பர் 14-ல் ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களை வடகொரியாவில் குடியேற்ற நீகாட்டா துறைமுகத்திலிருந்து முதல் கப்பல். அப்போது அவளுக்கு 54. மூத்த மகன் போகிறேன் என்கிறான், இளையவள் ஜப்பானியப் பெயரில் கடையில் வேலை பார்க்கிறாள். பின்னாளில் 1970-களில் முதிய பெண்களுக்கு எழுத்து கற்றுக்கொடுத்த இரவு வகுப்புகள் வேறு. எழுபது வயதில் பெயர் எழுதப் பழகுகிறவள் எந்தப் பெயரை எழுதுவாள்? முன்னூறு பக்கம் இந்தக் கேள்வியை நோக்கியே கட்டலாம்.

இவ்வளவு வளம் இருந்தும் முதல் நாவலுக்கு இதைப் பரிந்துரைப்பதற்கில்லை. காரணம் நீளம். தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என மூன்று தலைமுறை இல்லாமல் காகிதங்கள் முழுதாக விரியாது. மூன்று தலைமுறை வந்தால் அந்த ஒரு பெண்ணின் தேடல் குடும்பக் கதைக்குள் கரைந்துபோகும் ஆபத்து உண்டு. மூலச் சான்றுகளில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் வேறு. இகாய்னோ என்ற பெயரே 1973-ல் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டதால் பழைய தெருக்களைத் தேடுவதும் தனி வேலை.

மேற்கு ஜெர்மனி

ஒரே பெண், ஒரே குரல், இருநூறு பக்கம் என்று திட்டம் இருந்தால் இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது. அதிகம் எழுதப்படாததும் இதுதான்.

1966 ஜனவரி கடைசியில் 128 நர்சுகள் பிராங்க்பர்ட்டில் இறங்கினார்கள். அடுத்த பத்து வருஷத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளும் உதவியாளர்களும் போனார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம், ஆஸ்பத்திரி விடுதி, மாதாமாதம் ஊருக்குப் பணம். கொரியாவில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் குடும்பத்தார் வேலை. ஊசி, மருந்துதான் நர்சுக்கு. ஜெர்மனியில் எல்லாம் நர்ஸ் தலையில். பயிற்சி பெற்ற பெண் கையில் முதல் நாள் துடைக்கும் துணியையும் மலத்தட்டையும் கொடுக்கிறார்கள். அவளுக்கு அது தரக்குறைவு, வார்டுத் தலைமை நர்சுக்கு அது சாதாரண வேலை. யாரும் யாரையும் அவமதிக்கவில்லை, ஆனாலும் அவமானம் நடந்துவிடுகிறது. வில்லன் வைக்காமல் காட்சி எழுதக் கிடைக்கும் இப்படிப்பட்ட இடத்தை விடக்கூடாது.

இங்கே பெயர் பிடுங்கப்படுவதில்லை. தங்கும் அனுமதிதான் காகிதம். 1973-ல் ஜெர்மனி வெளிநாட்டு ஆளெடுப்பை நிறுத்தியது. 1977 வாக்கில் ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டோம் என்று கிளம்பியதும் நர்சுகள் கையெழுத்து இயக்கம் நடத்தி, 1978-ல் தங்கும் உரிமை வாங்கினார்கள். 1946-ல் பிறந்தவளுக்கு அப்போது 32. ‘தேவைப்பட்டபோது கூப்பிட்டார்கள், இப்போது போகச் சொல்கிறார்கள்’ என்ற கோபத்தில்தான் அவள் இந்த ஊரைத் தன் ஊர் என்று முதல்முறை சொல்கிறாள். மற்ற நான்கு வழிகளில் அடையாளம் மேலேயிருந்து திணிக்கப்படுகிறது. இங்கே அவளே கேட்டு வாங்குகிறாள். நாவலின் உச்சம் தானாக அமைந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பிளவுண்ட நாட்டுப் பெண் பிளவுண்ட பெர்லினில் நிற்கிறாள், எதிரே சுவர் என்று உருவகம் தட்டில் வைத்து நீட்டப்படும். எல்லாரும் எடுப்பார்கள், நீங்கள் விட்டுவிடுங்கள். அடுத்தது, 1967-ல் கொரிய உளவுத்துறை மேற்கு ஜெர்மனியிலிருந்தே கொரியர்களைக் கடத்திக்கொண்டு போனது; இசையமைப்பாளர் இசாங் யுன் அதில் ஒருவர். அதற்குப் பிறகு கொரியக் கூட்டங்களில் யார் யாரிடம் வாய் திறப்பார்கள்? 1970-களின் நர்சுகள் கூடும் காட்சியில் இந்த அச்சம் இல்லாவிட்டால் அது சுற்றுலாக் கூட்டம் போலிருக்கும்.

சிப்பாயின் மனைவி

1950-க்கும் 1964-க்கும் நடுவில் சுமார் ஆறாயிரம் கொரியப் பெண்கள் அமெரிக்கச் சிப்பாய்களின் மனைவிகளாகப் போனார்கள். 1952 அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஆசியர் மீதான தடையை நீக்கிய பிறகுதான் பாதை சீரானது. காகிதத்தைப் பார்த்தால் இவர்கள்தான் வசதியானவர்கள்: கணவர் அமெரிக்கர், குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் பிறந்த வீட்டில் பேச்சில்லை. முகாம் ஊர்ப் பெண், அதாவது ராணுவ முகாமைச் சுற்றிச் சிப்பாய்களிடம் தொழில் செய்தவள், என்ற பட்டம் உண்மையோ பொய்யோ கூடவே வரும். கணவர் கறுப்பினத்தவர் என்றால் கொரியரிடமும் வெள்ளையரிடமும் இரட்டை விலக்கு. மனைவி ஆசியர், கணவர் வெள்ளையர் என்றாலும் அந்தத் திருமணத்தைச் செல்லாது என்ற மாநிலங்கள் 1967 ஜூன் 12 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை இருந்தன.

ஐந்தில் எழுதக் கடினமானது இதுதான். காப்பாற்றும் வெள்ளைக்காரன் அல்லது சீரழிந்த பெண் என்ற இரண்டு பள்ளத்தில் ஒன்றில் சக்கரம் இறங்கிவிடுகிறது. தப்பிக்க வழி, கதையை 1965-க்குப் பிறகு கொண்டுபோவது. அந்த வருஷத்துப் புதிய குடியேற்றச் சட்டப்படி குடியுரிமை பெற்றவள் உடன்பிறந்தாருக்கு மனுப்போடலாம். அவளை ஒதுக்கிய அண்ணன் இப்போது அவள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறான். வந்து இறங்கியபின் கொரியச் சர்ச்சில் தங்கையை யாரென்று அறிமுகப்படுத்துவான்?

மத்திய ஆசியாவைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரஷ்ய மொழி தெரியாதவர் இதைத் தொடாமலிருப்பது நல்லது. 1937-ல் ஸ்டாலின் அரசு ரஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்து சுமார் 1,72,000 கொரியர்களை ரயிலேற்றி கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கியது. கஜகஸ்தானின் உஷ்டோபே அருகே முதல் குளிர்காலத்தை மண்குழி வீடுகளில் கழித்தார்கள். ரஷ்யப் பெயர், தந்தை வழிப் பெயர், ‘கை’ என்று முடியும் யுகை, நோகை போன்ற திரிந்த குடும்பப் பெயர், உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ‘இனம்: கொரியர்’ என்ற வரி என்று பொருள் நிறைய உண்டு. ஆனால் இது குடியேற்றமல்ல, நாடுகடத்தல். போகலாமா வேண்டாமா என்று அவள் தீர்மானிக்கும் முதல் அத்தியாயமே இதில் இருக்காது.

தேர்வு செய்தபின்

முதல் நாவல், ஆங்கிலச் சான்றுகள் மட்டும் கைவசம் என்றால் ஹவாய். ஒரு குரல் போதும் என்றால் ஜெர்மனி. ஐந்தாறு வருஷம் ஒதுக்கி ஜப்பானிய மொழி உதவியும் இருந்தால் மட்டும் ஒசாகா. இரண்டு களத்தை ஒரே பெண்ணுக்குக் கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். போட்டோ மணப்பெண்ணாக 1916-ல் போனவளுக்கு நர்சுகள் கிளம்பிய 1966-ல் 68 வயது.

ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை போட்டு, வருஷம், வயது, கையிலுள்ள காகிதம், அதிலுள்ள பெயர், அன்று வீட்டில் அவளைக் கூப்பிட்ட விதம் என்று நிரப்பிவிட்டு எழுத உட்காருங்கள். வயதில் எச்சரிக்கை வேண்டும். பழைய கொரியக் கணக்கில் பிறந்ததுமே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று. அதிகாரி பட்டியலில் 18 என்று எழுதினால் அவள் வாயில் 19 அல்லது 20 வரும். 1945-க்கு முன் யாரும் தென்கொரியா, வடகொரியா என்று பேசியிருக்க முடியாது. ஜப்பான் ஆட்சிக் காலத்து ஆவணத்தில் சியோலின் பெயர் ‘கெய்ஜோ’, செலாவணி யென். ஹவாய் அமெரிக்க மாநிலமானது 1959-ல்.

வசனத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். அக்கா, தங்கை, நாத்தனார், ஓரகத்தி என்று வயதும் உறவும் பார்த்துக் கூப்பிடும் பழக்கமும், கணவர் பெயரைச் சொல்லாத பழக்கமும் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் ஜேஜு பேச்சு வேறு, கியோங்சாங் பேச்சு வேறு என்று காட்ட நெல்லைத் தமிழையும் கோவைத் தமிழையும் பயன்படுத்தாதீர்கள். வாசகர் காதில் தாமிரபரணியும் நொய்யலும் ஓடத் தொடங்கிவிடும், இகாய்னோ கரைந்துவிடும். ஜேஜுக்காரி பேசியது மற்றவளுக்குப் பாதி புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னாள் என்று எழுதினாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.